மற்ற கேள்விகளுக்கும் மேற்படியே

இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, கார்ப்பரேஷன் தண்ணீர், முடிவில்லாத கேள்விகள். விளம்பரத்தில் இப்படித்தான் போட்டிருந்தது. சகாயராஜ் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. போன வாரம் பார்த்த வீட்டில் கேள்விகள் இருபதுதான், ஆனால் தண்ணீர் இல்லை.

அவனுக்கு வீடு வேண்டும். கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவன் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில், மூன்று பேரோடு ஓர் அறையில் கிடந்தான். அவன் மனைவி ஜெனிட்டா எழும்பூரில் பெண்கள் விடுதியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்துக்கொண்டார்கள். "நாம ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ நின்னது பஸ் ஸ்டாப்புல மட்டுந்தான்" என்று போன ஞாயிறு அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரர் பேராசிரியர் நடனசபாபதி. நாற்பது வருடம் கல்லூரியில் கணக்கு, அதிலும் இயற்கணிதமும் இடவியலும், நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாரே தவிர நடத்துவதை நிறுத்தவில்லை. அந்த வீட்டில் ஆண்களுக்குக் கிழக்கு வாசல், பெண்களுக்கு மேற்கு வாசல். கணவனும் மனைவியும் தனித்தனியே பதில் சொல்லிக்கொண்டு போய் நடுவில் இருக்கும் வீட்டில் சேர வேண்டும். ஜெனிட்டா மேற்கே போனாள். "சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிழக்கு வாசலுக்குள் ஒரு நடை. நடையில் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு கேள்வி பெயின்டில் எழுதியிருந்தது. பதில் பிடித்தால் கதவு திறக்கும். திறந்தால் உள்ளே பேராசிரியர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் அடுத்த கதவு. அதற்குள்ளும் அவரே இருந்தார், அதே காபியோடு. எப்படி முந்திக்கொள்கிறார் என்று சகாயராஜ் கேட்கவில்லை. வீடு தேடுகிறவன் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

முதல் கதவு: மீன் சாப்பிடுவீர்களா?

அவன் தூத்துக்குடிக்காரன். பால்குடி மறந்த நாளிலிருந்து மீன்தான்.

"இல்ல சார்" என்றான்.

கதவு திறந்தது. கூடவே வந்த தரகர் லோகு, "சூப்பர் சார், அப்டியே போ" என்றார்.

சுவரில் ஆணி அடிப்பீர்களா? இல்லை. விருந்தாளிகள் வருவார்களா? இல்லை. ஒருவர்கூடவா? ஒருவர்கூட இல்லை. மழை பெய்தால் மழையைப் பற்றிப் பேசுவீர்களா? இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுவீர்களா? ஆமாம். ஐந்து மணிக்கு மோட்டார் ஓடினால் உங்களுக்குக் கேட்குமா? இல்லை.

அலுவலகத்தில் அரைநாள் லீவு சொல்லியிருந்தான். ஏழாவது கதவிலேயே அந்த அரைநாள் தீர்ந்துவிட்டது.

நாற்பதாவது கதவுக்கு அப்புறம் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. மீன் சாப்பிடுவீர்களா, அல்லது ஆணி அடிப்பீர்களா? மீனும் சாப்பிட்டு ஆணியும் அடிப்பீர்களா? இவற்றில் எதையுமே செய்யாதவர் இல்லை என்பது உண்மை இல்லையா? சகாயராஜுக்கு மண்டை காய்ந்தது. முன்பு சொன்ன பதில்களை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். ஒரு முறை தப்பாகச் சொன்னதில் ஒன்பது கதவு பின்னால் போய் நின்றான்.

"இப்படிக் கேட்டுக்கிட்டே போனா எப்படி சார்? ஒரு ஆளைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று எரிந்து விழுந்தான்.

பேராசிரியர் கோபப்படவில்லை. "ஆள்னா என்ன?" என்று கேட்டார்.

"நான்தான் சார் ஆள்."

"அது பேச்சு வழக்கு. ஆள்ங்கிறது கேள்விகளுக்குச் சொன்ன பதில்களோட தொகுப்பு. அவ்வளவுதான். அதே மாதிரி, கேள்விங்கிறது எந்தெந்த ஆள் அதுக்கு ஆமான்னு சொன்னாங்கிற பட்டியல். இதைத் திருப்பினா அது, அதைத் திருப்பினா இது. இருமைன்னு பேர். மூணாம் வருஷப் பாடம்."

"கேள்வி முடியவே முடியாதே சார். நான் எப்ப குடி வர்றது?"

"முடிய வேண்டாமே. உங்க பதில்கள்ல எந்தப் பத்தை எடுத்தாலும், எந்த நூறை எடுத்தாலும், அதுக்குப் பொருந்துற ஒருத்தன் ஊர்ல இருக்கணும். அது போதும். அப்ப மொத்தத்துக்கும் பொருந்துற ஒருத்தன் இருந்தே தீரணும். தேட வேண்டியதுகூட இல்ல. இருந்தாகணும்."

"அது நான்தானே சார்?"

பேராசிரியர் காபியை ஊதினார்.

சோதனை உடனே தொடங்கியது. சகாயராஜின் பதில்களைச் சீட்டுகளில் எழுதி ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். அதில் கையை விட்டுப் பத்துச் சீட்டு எடுப்பார்கள். லோகு தெருவுக்கு ஓடி ஒருவரை இழுத்து வருவார். முதலில் ஒரு டெய்லர் வந்தார். மீன் சாப்பிடாதவர், ஆணி அடிக்காதவர், பத்துக்கும் சரியாக இருந்தார். ஆனால் குறட்டை விடுவார். குறட்டை அந்தப் பத்தில் இல்லை. அடுத்து ஒரு கண்டக்டர் வந்தார். அவருக்குத் தினமும் விருந்தாளிகள், ஆனால் அதுவும் அவருடைய பத்தில் இல்லை. ஒரு கண் டாக்டர், நாதஸ்வரக்காரர்கள் இரண்டு பேர், நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மாள். எல்லோரும் பத்துக் கேள்விக்கு மட்டும் அப்பழுக்கில்லாதவர்களாக இருந்தார்கள். போகும்போது சகாயராஜின் கையைக் குலுக்கி, "வீடு கெடைச்சிரும் தம்பி" என்றார்கள். அவனுக்கு அவர்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அறுநூற்று மூன்றாவது கதவின் முன் அவன் நின்றுவிட்டான்.

மனைவியைப் பிரிந்திருந்தது உங்களுக்குக் கஷ்டமாக இருந்ததா?

அவன் வாயைத் திறந்தான். லோகு அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

"இல்லன்னு சொல்லு சார். கஷ்டப்பட்டவன் செவுத்துல சாய்வான். சாஞ்சா செவுரு அயுக்காவும். ஓனருக்கு இதெல்லாம் தெரியும்."

"எப்படிங்க இல்லைன்னு சொல்றது?"

"மீனுக்கு எப்டி சொன்ன? அப்டித்தான்."

சுவருக்கு அந்தப் பக்கம், மேற்கு நடையில், ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜெனிட்டா முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தான். அவளைக் காக்க வைக்கக் கூடாது என்று நினைத்தான்.

"இல்ல சார்" என்றான். அதைச் சொல்லும்போது தொண்டையில் முள் குத்தியது.

கதவு திறந்தது. பேராசிரியர் முதல் தடவையாகச் சிரித்தார். ஒரு தாளை நீட்டினார். 'மற்ற கேள்விகளுக்கும் மேற்படியே' என்று அச்சடித்திருந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் மிச்சக் கேள்விகளைக் கேட்டதாகவே கணக்கு. சகாயராஜ் இரண்டு இடத்தில் போட்டான். நடை சட்டென்று முடிந்தது. எதிரே மாடிப்படி, படிக்கு மேலே வீடு.

படியின் நடுவில் ஜெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். அவள் விரலிலும் கையெழுத்துப் போட்ட மை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு மேலே ஏறினார்கள்.

வீடு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கூடத்தில் ஒருவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சகாயராஜின் முகம், சகாயராஜின் மூக்குக் கண்ணாடி. எதிர்மூலையில் ஜெனிட்டாவின் முகத்தோடு ஒருத்தி உட்கார்ந்து எதையும் செய்யாமல் இருந்தாள். சுவரில் ஓர் ஆணிகூட இல்லை.

"சார்!" என்று சகாயராஜ் கத்தினான். "யாரு சார் இவங்க?"

பேராசிரியர் படியேறி வந்தார். "நான்தான் சொன்னேனே, இருந்தாகணும்னு."

"வீடு எனக்குத்தானே பார்த்தேன்? பதில் சொன்னது நான்தானே?"

"சொன்னது நீங்க. பொருந்துறது அவர். நீங்க பொருந்துவீங்கன்னு எங்கயும் எழுதலையே."

சகாயராஜ் கதவை இடித்தான். கை வலிக்க வலிக்க இடித்தான். உள்ளே இருந்தவன் நிதானமாகப் பக்கத்தைத் திருப்பினான். சத்தம் கேட்டால் எரிச்சல் வருமா என்று இருபத்திரண்டாவது கதவு கேட்டிருந்தது. வராது என்று சகாயராஜே சொல்லியிருந்தான். காலால் ஒரு உதை விட்ட பிறகுதான் உள்ளே இருந்தவன் மரியாதைக்கு எழுந்து வந்து கதவைத் திறந்தான்.

"யார் வேணும்?"

"நான்தான்யா சகாயராஜ்!"

"அப்படியா? மீன் சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேன். இன்னிக்கும் சாப்பிடுவேன், நாளைக்கும் சாப்பிடுவேன்."

"அப்ப நீங்க இல்ல" என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

ஜெனிட்டா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏங்க, பிரிஞ்சு இருந்தது கஷ்டமா இருந்துச்சான்னு ஒரு கேள்வி வந்துச்சே. நீங்க என்ன சொன்னிய?"

சகாயராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லைன்னு சொன்னேன்."

"நானும் இல்லைன்னுதான் சொன்னேன்."

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். உள்ளே அந்த இருவரும் கூடத்தின் இரண்டு மூலைகளில், ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் பதினான்கு மாதம் அப்படியே இருப்பார்கள் போலிருந்தது. அதற்கு மேலும் இருப்பார்கள்.

ஜெனிட்டா ஜன்னலிலிருந்து திரும்பினாள். "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க" என்றாள். சொல்லிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து, குரலெடுத்து அழுதாள். சகாயராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் அடக்க முடியவில்லை. பதினான்கு மாத அழுகை, படி முழுக்கக் கேட்டது.

பேராசிரியர் ஜன்னலை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தினார்.

"அழறதா இருந்தா தெருவுல போய் அழுங்க" என்றார். "இங்க புருஷன் பொண்டாட்டி குடித்தனம் பண்றாங்க."