காலி என்று காட்டிய பைகள்

தம்பி வந்து உட்கார்ந்து வெகுநேரமாகியும் வாயைத் திறக்கவில்லை. அக்காவும் வற்புறுத்தவில்லை. பேசாமலே ஒரு பொழுதைக் கழிப்பது இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை.

விஷயம் அவளுக்குத் தெரியும். அவனோடு ஆன்லைனில் ஆடும் குழு, சேர்த்த வாள், கவசம், மருந்துக் குப்பி எல்லாவற்றையும் அவனுடைய எட்டுக் கணக்குகளின் பைகளில்தான் போட்டுவைத்திருந்தது. எதில் என்ன இருக்கிறதென்று எல்லோரும் பார்க்க அக்காதான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். அது விளையாட்டுக் கம்பெனியின் சர்வரிடமே கேட்டுப் பட்டியல் போடும். நேற்று ஆறு பைகள் காலி என்று காட்டிவிட்டது. இவன் விற்றுத் தின்றுவிட்டான் என்றான் கடப்பாரை என்ற பெயரில் ஆடும் குழுத் தலைவன். இன்று சாயங்காலம் ஆளை நீக்கிவிடுவார்கள். வேலை போனதிலிருந்து தம்பி மனம்விட்டுப் பேசுவது அந்தக் கூட்டத்தோடு மட்டும்தான்.

பைகளைப் படம் பிடித்து அனுப்பினானாம். படத்தை யார் வேண்டுமானாலும் ஜோடிக்கலாம், உங்கள் அக்காவின் பட்டியல் பொய் சொல்லாது என்றார்களாம்.

"யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டியாடா?"

அவன் ஆறிப்போன காபியையே பார்த்தான். "நீயும் அதைத்தான் நம்புறே, இல்லக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. லேப்டாப்பைத் திறந்தாள்.

முன்பெல்லாம் புரோகிராம் ஒரு பை வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும். ஆமை வேகம் என்று குழுவினர் கிண்டலடித்ததால், எட்டையும் ஒரே சமயத்தில் கேட்டு, வர வர வாங்கிக்கொள்ளும்படி போன வாரம்தான் மாற்றியிருந்தாள். வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ஏதாவது ஒரு பையில் பிழை வந்தால் மொத்தமும் படுத்துவிடக் கூடாதே என்று, அந்த இடத்தில் காலிப் பட்டியலைப் போட்டுவிட்டு நகரச் சொல்லியிருந்தாள். எட்டுக் கேள்வி மொத்தமாகப் போய் விழுந்ததும் சர்வர் இரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டு, மற்றவற்றைப் பிறகு வரச் சொல்லியிருக்கிறது. அவள் புரோகிராம் அதை ஒன்றுமே இல்லை என்று எழுதிக்கொண்டது.

பதில் வராததைக் குற்றமாக எடுத்துக்கொண்டது புரோகிராம் மட்டுமில்லை. அவள் தம்பியைப் பார்க்காமலே திருத்தினாள். இரண்டிரண்டாகக் கேள். பிறகு வா என்றால் பொறுத்திருந்து மறுபடி கேள். அப்போதும் கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்று போடு.

ஓடவிட்டாள். மூன்றாவது பை வந்தது. நான்காவது சற்றுத் தயங்கி வந்தது. வாள்கள், கவசங்கள், குப்பிகள். தப்பு என்னுடையது, தம்பியுடையதில்லை என்று புதுப் பட்டியலோடு குழுவுக்கு அவளே எழுதினாள்.

பிறகு தம்பியின் போனில் கடப்பாரையின் குரல் வந்தது. "டேய், மன்னிச்சிருடா. நீக்குற பேச்சே இல்ல, சாயங்காலம் வந்து சேரு. அது சரி, நம்மகிட்ட ஒரு குதிரைகூட இல்லியே, இத்தனை லாடம் எதுக்குடா?"

தம்பி சிரித்தேவிட்டான். நாற்காலியை இழுத்துப்போட்டு அவளருகே உட்கார்ந்தான். எட்டாவது பைக்கு மட்டும் பதில் இல்லை.

"காலின்னு போட்டுடாதேக்கா."

"போடலடா. இன்னொரு தடவை கேட்டுட்டிருக்கு."

இருவரும் திரையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார்கள்.