அடுத்தது

ரீகல் சினிமா தியேட்டரின் பழைய குழாய் ஆர்கனைச் சரிசெய்யக் கிளம்பிய எங்களில் ஹெட்லியைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. இடைவேளைதோறும் தரைக்கடியிலிருந்து வெளிச்சத்தோடு எழும்பி, ஓல்டம் ஊரையே பாடவைத்த வாத்தியம் அது. அதை வாசித்தவர் ஹெட்லி. ஐஸ்கிரீம் விற்கும் தட்டோடு நின்று கேட்டவள் மேவிஸ். வால்ட்ஸ் என்கிற நடன மெட்டு ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்தே அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு படம் நின்றுபோய், தியேட்டர் பிங்கோ சூதாட்டக் கூடமானது, குழாய்களில் புறா முட்டையிட்டது.

இப்போது மேவிஸுக்கு இதயம் சரியில்லை. வசந்தம்வரை தாங்குவது சந்தேகம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதற்குள் அந்த வால்ட்ஸை ஒருமுறை கேட்டால் போதும் என்றாள். மனுஷன் மசியவில்லை. எல்லாக் குழாயும் சுருதி சேரட்டும், அரைவேக்காட்டை உனக்குப் பரிமாற மாட்டேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளே போய்விட்டால் யாருக்குப் பரிமாறுவீர் என்று கேட்டேன். காதில் வாங்கவில்லை.

சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். அவர் மேலே, பக்கச் சுவருக்குப் பின்னால் குழாய் அறையில் இருப்பார். கீழே ஒருவர் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த வேலையை மேவிஸ் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் "அடுத்தது" என்று கத்தினால், அடுத்த கட்டைக்குப் போவாள்.

"இப்படி ஒவ்வொரு பருக்கையா ஊட்டினா என் வயிறு என்னிக்குய்யா நிறையும்?" என்று ஒருநாள் மேலே பார்த்துக் கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நான் மேடைக்குப் பின்னால் ஆர்கனின் துருத்திக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தேன். "அடுத்தது" என்றார். ஒலி மாறவில்லை.

"அடியே, தூங்கிட்டியா? அடுத்தது."

மாறவில்லை. வால்வு ஒட்டிக்கொண்டால், கட்டையை விட்ட பிறகும் குழாய் கத்திக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அது தினப்படித் தொல்லை. ஒட்டிக்கொண்டது போல என்று அலுத்தபடி வால்வைக் கழற்றினார். நானும் விளக்கோடு மேலே ஏறினேன். இரண்டு பேருமாக நோண்டினோம். வால்வில் ஒரு குறையும் இல்லை.

அப்படியென்றால் கீழே கட்டை இன்னும் அழுந்தியே இருக்கிறது. விழுந்தடித்து இறங்கினோம்.

இசை நோட்டுத்தாங்கியில் தலை சாய்ந்திருந்தாள். விரல் கட்டையை அழுத்தியபடியே இருந்தது. மூச்சு இல்லை. நாங்கள் வால்வைக் குடைந்துகொண்டிருந்தபோதே போயிருக்கிறாள், பாவி மகள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு ஓடிவந்தேன். ஒலி இன்னும் நிற்கவில்லை. அவள் கையை எடுக்கக் குனிந்தேன்.

"எடுக்காத. இருக்கட்டும்."

ஹெட்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வால்ட்ஸை வாசித்தார். மேவிஸின் ஒற்றை ஒலி சில இடங்களில் அதோடு சேர்ந்தது, பல இடங்களில் சேரவில்லை. அவர் நிறுத்தவில்லை.