வலப்பக்கத்து வெயில்

மேற்கு அறைச் சுவரில் ஏசிக்காக எங்கே துளை போடுவது என்று எலக்ட்ரீஷியன் பென்சிலால் வட்டம் வரைந்துகொண்டிருந்தார். ஜன்னலோரம் நின்றிருந்த அவளை யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீடுகளுக்குத் தோட்டம் அமைப்பது அவள் தொழில். அக்கா வீடு கட்டத் தொடங்கியபோது, "அந்த ரூமுக்கு ஏசி வேணாம், மரம் பாத்துக்கும்" என்று சொன்னவளும் அவள்தான். அத்தானுக்கு ரொட்டிக்கடையில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். ஜன்னலுக்கு வெளியே இடப்பக்கமாக, ஆள் உயரத்தைத் தாண்டிய புங்க மரங்களை வாங்கி வந்து நட்டாள். வெயில் காலம் வந்தது. அத்தான் தலையணையோடு வீடு முழுக்க அலைந்தார்.

"ராத்திரி பூரா அடுப்புக்கு முன்னாடி. பகல்ல அடுப்புக்குள்ள," என்றார் அத்தான். "ரெண்டு பக்கமும் வேகணும்ல."

"விடுடி," என்றாள் அக்கா. "மெஷினை மாட்டிட்டுப் போறோம்."

அவள் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க வெயில். மரங்களுக்கு நிழல் இல்லாமல் இல்லை. அது சுவரைத் தொடாமல், வீட்டின் மூலையைத் தாண்டி வேலிமேல் விழுந்து கிடந்தது. வேலிக்கு நல்ல குளிர்ச்சி.

வாடிக்கையாளர் வீடு என்றால் வருடம் முழுக்கச் சூரியன் போகும் வழியை வரைந்து பார்ப்பாள். அக்கா வீடுதானே என்று குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் கண்ணால் பார்த்ததோடு முடித்துக்கொண்டாள்.

"அத்தான், மரத்து மேல தப்பில்ல. நட்ட இடம் தப்பு. நான் பாத்தப்ப சூரியன் இடப்பக்கமா இறங்குச்சு. வெயில் காலத்துல வலப்பக்கம் வந்துடும். தெரிஞ்சும் கோட்டை விட்டுட்டேன்."

"வலப்பக்கம் என் கார் நிக்குது."

"அந்த சிமெண்ட் தரையும் சூட்டை உள்ள தள்ளுது. உடைக்கணும்."

"அடிப்பாவி! பிள்ளைக்கு ஊத்துற மாதிரி தண்ணி ஊத்தி வளத்த தரை அது."

"இனிமே மரத்துக்கு ஊத்துங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. "இந்த வெயில்ல மரத்தைப் பேத்தா பொழைக்குமா?"

"பொழைக்காது. மழை வரட்டும், மண்ணோட எடுத்து வைக்கிறேன். அதுவரைக்கும் மூங்கில் கம்பு நட்டு நிழலுக்குப் பச்சை வலை கட்டுறேன், சுவரை ஒட்டாம, நடுவுல காத்து போற மாதிரி."

அத்தான் சட்டைப்பையில் கார் சாவியைத் தேடினார்.

"அப்ப வட்டத்தை அழிச்சிடவா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"இருக்கட்டும்ணே. நான் தோத்தா நானே கூப்பிடுறேன்."

அன்றே கார் தெருவுக்குப் போனது. மூங்கில் நட்டு வலையை இழுத்துக் கட்டினாள். ஆள் வைத்துத் தரையை உடைத்து, கற்களை அள்ளி, மண்ணை நிரப்பிப் புல் பதித்தாள். கையெல்லாம் கொப்புளம். மரங்களுக்கான குழிகளை மட்டும் யாரிடமும் விடவில்லை. தினமும் மதியம் தன் வேலை முடிந்ததும் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினாள். வட்டம் சுவரில் அப்படியே இருந்தது. பகலில் தூக்கம் வருகிறதா என்று அத்தானிடம் அவள் கேட்கவில்லை.

ஒரு நாள் கடப்பாரை அடியில் ஒரு கல்லில் மோதி ணங்கென்றது. மேற்கு அறை ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"மெதுவாடி," என்றாள், தாழ்ந்த குரலில். "அசந்து தூங்குறாரு."

கடப்பாரையைப் புல்லின் மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அவள் குழிக்குள் குனிந்து கையால் மண்ணை அள்ளத் தொடங்கினாள்.