வழியில் நின்ற கோடிப்புடவை

கிணற்றடித் தட்டியின் மறைவில் குந்தியபடி, கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள் செல்வகுமாரி. தெருவில் பறை விடாமல் அதிர்ந்ததால், அண்ணன் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டது.

"ஏம்பலம் தாண்டிட்டன்மா. புடவை, மாலை எல்லாம் எடுத்தாச்சி. அழுவாத, தோ வந்துட்டன்."

"வராதண்ணே."

"இன்னாது?"

"ஒதியம்பட்டு டீக்கடையில உக்காரு. நான் சொல்ற வரிக்கும் கெளம்பாத."

அண்ணன் வீரமணியின் குரல் உயர்ந்தது. "எழவு வூட்டுக்குக் கோடி எடுத்துக்கினு போறவன் டீக்கடையில உக்காருவானா? பாக்கறவன் காறித் துப்ப மாட்டான்?"

"துப்பட்டும். நீ வராம அவர எடுக்க மாட்டாங்க. எங்கைல இப்ப அது ஒண்ணுதாண்ணே கீது."

கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப்புடவை வந்து, அதை அவள் தோளில் போட்ட பிறகுதான் பிணத்தை எடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். எத்தனையோ சாவுகளில் கோடிக்காகக் கூட்டம் காத்துக் கிடந்ததைச் செல்வகுமாரி பார்த்திருக்கிறாள். தன் வீட்டுச் சாவில் தானே அதைத் தடுத்து வைப்பாள் என்று எண்ணிப் பார்த்தவள் அல்லள்.

அவள் கணவன் பலராமன் அன்று விடியற்காலையில் கண்மூடினான். சில வருஷங்களுக்கு முன் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில், சங்கிலி அறுந்து விழுந்த இரும்புத் தகட்டுக் கட்டு அவன் முதுகெலும்பை முறித்தது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படுத்தே கிடந்ததில் இடுப்புக்குப் பின்னால் புண் வந்தது, புண் குழியாயிற்று, குழியிலிருந்து காய்ச்சல் ஏறிற்று. நஷ்டஈட்டு வழக்கும் எழுந்து நடக்காமல் அவனைப் போலவே கிடந்தது. 'அடிபட்டதெல்லாம் ஆறிவிட்டது, இப்போது அவனைப் படுத்துவது சர்க்கரை வியாதி' என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. வக்கீலம்மா அப்போதே எச்சரித்திருந்தார்: "அவருக்கு ஏதாவது ஆச்சின்னா அவசரப்பட்டு எரிச்சிடாதீங்க. டாக்டர் உடம்பைப் பார்த்து, இந்தப் புண்ணாலதான் போனார்னு எழுதணும். எரிச்சிட்டா சாம்பல் சாட்சி சொல்லாது."

ஆகவே, பொழுது புலர்ந்ததுமே மகள் வெண்ணிலா மனுவோடு காவல் நிலையத்துக்குப் போய்விட்டாள். உச்சிப்பொழுதும் கடந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் எங்கோ பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறாராம். அவர் வந்தால்தான் ஆகுமாம்.

செல்வகுமாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள். குளிர்பெட்டி, பறை, பூப்பல்லக்கு, பந்தல், நாற்காலிகள் என எல்லாமே கம்பெனி செலவு. சூப்பர்வைசர் அரிகரன், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இப்போது பந்தலடியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணில் பட்டதும் கைகூப்பினான்.

"எதுக்கும் கவலப்படாதீங்கக்கா. சுடுகாட்டுக்குக் கட்டை, எருமுட்டை எல்லாம் போயாச்சி. எடுக்க வேண்டியதுதான்."

அவன் படுக்கையில் விழுந்த பின், கம்பெனியிலிருந்து முதன்முதலாக ஆப்பிள் வந்த நாளில் பலராமன் சொன்ன கதை அவளுக்கு நினைவு வந்தது. ஆட்டுக்குட்டி ஒன்றைக் கடித்துவிட்ட நரி, மறுநாள் வாய் நிறையப் பச்சிலையோடு வந்து நின்றதாம். "ஐயோ பாவம், இந்த இலையைத் தின்னு. புண்ணை நான் நக்கி ஆற்றுகிறேன்" என்றதாம். தாயாடு குட்டியின் காதில் சொன்னதாம்: "இலையை வாங்கிக்கொள். நக்க மட்டும் விடாதே. அதன் பல் பதிந்த இடம் அங்கேதான் இருக்கிறது." கதை சொல்லி முடித்துவிட்டு, ஆப்பிளைக் கடித்துக்கொண்டே, "நல்லாத்தான் கீது, நீயும் ஒண்ணு துண்ணு" என்று சிரித்தான் அவன்.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். போலீஸ் ஜீப் இல்லை, பங்காளி சுப்புராயன்தான். இறங்கியவன், பலராமனின் அண்ணன் நடேசனிடம் நேரே போய், ஊருக்கே கேட்கும்படி சொன்னான்:

"ண்ணே, மச்சான் வீரமணி ஒதியம்பட்டு டீக்கடையில உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு கீறாரு! மடியில கோடிப் பை. 'வரலியா'ன்னா, 'டீ ஆறட்டும்'ன்றாரு."

பந்தலில் யாரோ சிரித்து அடக்கினார்கள். அரிகரன் தலை நிமிர்ந்தது. நடேசன் விடுவிடுவென்று உள்ளே வந்து, செல்வகுமாரியை அடுக்களை ஓரம் அழைத்தார்.

"இன்னாம்மா இது? நீதான் நிறுத்தி வெச்சியா?"

"ஆமா மாமா."

"எதுக்கு?"

"வெண்ணிலா டேசனுக்குப் போயிருக்கா. போஸ்ட்மார்ட்டம் பண்ணணும்."

நடேசன் தோள்துண்டை உதறினார். "எந்தம்பிய அறுக்கணும்ன்ற! உசுரோட கீறப்ப அறுத்தது போதாதா? கறிக்கடைக்காரன் கணக்கா பொட்டலம் கட்டிக் குடுப்பானுங்க, அத நான் தோள்ல தூக்கணுமா?"

"எனக்கு மட்டும் ஆசையா மாமா? நாளிக்கி சர்க்கரையில செத்தான்னு எழுதுவாங்க. அவரு இன்னாத்துல செத்தாருன்னு ஒருத்தராவது எழுத வேணாமா?"

"அவன் இன்னாத்துல செத்தான்னு ஊருக்கே தெரியும். எழுதி இன்னா ஆவப் போவுது?" வாசலைப் பார்த்துக் கத்தினார். "டேய், பொட்டியத் தொறங்கடா! தண்ணி ஊத்தற வேலையப் பாருங்க. அதுக்குள்ள வீரமணி வந்தாவணும். வரலன்னா நான் போயி கழுத்தப் புடிச்சி இழுத்தாரேன்!"

செல்வகுமாரி கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். வெண்ணிலாவிடமிருந்து அழைப்பு வரவில்லை.

பெட்டியைத் திறந்தார்கள். நாலுபேர் நாலு பக்கம் வேட்டியை விரித்து மறைப்புக் கட்டினார்கள். தலைமாட்டில் சுப்புராயன், கால்மாட்டில் இன்னொருவன், இடுப்புக்குக் கை கொடுத்தவர் நடேசன். தம்பியை இப்படித் தொட்டுத் தூக்குவது அவருக்கு இதுவே முதல் தடவை. வரும்போதெல்லாம் வாசற்படியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டுப் போவார். புண் கழுவும் நேரம் வந்தால், "சரி, நீ பாரும்மா" என்று எழுந்துவிடுவார்.

தூக்கும்போது கட்டுத்துணி நழுவியது. தாங்கிப் பிடித்த நடேசனின் விரல்கள், முதுகு இருக்க வேண்டிய இடத்தில் முதுகைக் காணாமல் புண்ணின் குழிக்குள் போயின.

அவர் அலறவில்லை. "இறக்கு" என்றார், மிக மெல்ல. "மறுபடியும் பொட்டியிலயே வெய்யி. பைய... பையடா."

மறைப்புக்கு வெளியே வந்து, கையைக் கழுவாமலே, விரல்களைப் பார்த்தபடி நின்றார். பறைக்காரர்கள் தாமாகவே அடிப்பதை நிறுத்தினார்கள். செல்வகுமாரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அரிகரன் அருகில் வந்தான். "இன்னா பெரியவரே, பொழுது சாயுது. எடுத்துடலாமே?"

"கோடி வரல."

"அதான், பக்கத்துல டீக்கடையிலயே இருக்காருன்னு இப்ப சொன்னாங்களே?"

"யாரு சொன்னது?" நடேசன் திரும்பினார். "ஏண்டா சுப்புராயா, நீ பாத்தது வீரமணியா?"

சுப்புராயன் பெரியவரின் விரல்களைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இல்லண்ணே. அது வேற யாரோ. நான் பாத்த ஆளுக்கு மீசை இருந்திச்சி."

"கேட்டுக்கினியா? கோடி வராம எடுக்கறது எங்க சனத்துல இல்ல. நீ வேணா கெளம்பு தம்பி, ஒனக்கு ஷிப்ட் இருக்கும்." சொல்லிவிட்டு, குளிர்பெட்டியின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அரிகரன் போகவில்லை. வேன் ஓரமாய்ப் போய் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினான். தென்னங்கீற்றுகளின் நிழல் நீண்டு, பூப்பல்லக்கின் மேல் ஏறியது. தெருவில் ஒரு டிராக்டர் வந்தது, அப்புறம் பால்காரர். ஒவ்வொரு சத்தத்துக்கும் செல்வகுமாரி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

வெயில் மஞ்சளான பிறகுதான் ஜீப் வந்தது. அதிலிருந்து முதலில் குதித்தவள் வெண்ணிலா. பின்னாலேயே வெள்ளை வேன். எழுதுவதை எழுதி, கேட்பதைக் கேட்டு, போலீஸ்காரர்கள் உடலை ஏற்றினார்கள். யாரும் கூப்பிடாமலேயே நடேசன் வேனில் ஏறி, தம்பியின் இடுப்புக்கு அருகே உட்கார்ந்துகொண்டார். கதவு சாத்தப்படும்வரை அவர் ஒரு கையை அங்கேயே வைத்திருந்தார்.

பூப்பல்லக்கு ஆளின்றித் தெருவில் நின்றது. செல்வகுமாரி அண்ணனை அழைத்தாள்.

"இப்ப வாண்ணே."

"கோடி?"

"அது நாளிக்கி. இன்னிக்கி நீ மட்டும் வா."

அடுக்களையில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டு உள்ளே போனாள். அடுப்பில், புண் கழுவத் தினமும் இந்நேரத்தில் வைக்கும் வெந்நீர் தளதளத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பழைய வேட்டிக் கிழிசல்கள் மடித்து அடுக்கியிருந்தன. எப்போது அதை வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இறக்கி, விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, சூடு ஆறட்டும் என்று மூடி வைத்தாள்.