ஒளித்து வைத்த பழுது

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். வாத்தியார் அந்த உழைப்பைக்கூடப் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு மறுநாள் சாயங்காலத்தைத் தாண்டவில்லை.

நாங்கள் நாலு பேர், பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். நான் பேருந்துப் பணிமனையில் மின்சாரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதனால் இவர்களுக்கு நான் கரண்டு. பேக்கரி வைத்திருப்பவன் பன்னு. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவன் ஊசி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் வாத்தியார். வாத்தியார் என்ற பெயர் வந்த நாளிலிருந்து அவன் எல்லோருக்கும் எல்லாமும் கற்றுக்கொடுக்கிறான், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

மோட்டார் சைக்கிளில் மலைகளைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கடல் வரைக்கும் போய்வர வேண்டும் என்று மீசை முளைக்காத வயதில் பேசிக்கொண்டது. மீசை முளைத்து, நரைத்து, இப்போது ஊசி சாயம் பூசுகிறான். ஒரு வருஷம் ஒருவன் கல்யாணம், அடுத்த வருஷம் ஒருவன் பிள்ளைக்குப் பரீட்சை. இந்த வருஷம் விட்டால் எந்த வருஷமும் இல்லை என்று நான்தான் பிடித்த பிடியில் நின்றேன். என் வயதுப் பெண்ணுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் ஒன்று கல்யாண வீடு, இல்லாவிட்டால் சாவு வீடு. இரண்டும் இல்லாமல், யாருக்கும் தட்டில் எதையும் எடுத்துக்கொண்டு போகாமல், சும்மா ஒரு முறை போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

பாதை போட்டது நான். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று லாரி ஓட்டுநர்களிடம் விசாரித்தது நான். நாலு வண்டிக்கும் கூடுதல் விளக்கும், போன் சார்ஜ் ஏற்றும் இணைப்பும் போட்டது நான். என் வீட்டுக்காரர் தையல் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் புகாத துணியில் நாலு ஜோடிப் பைகள் தைத்துக் கொடுத்தார். என் பையை மட்டும் சிவப்பில் தைத்து, தொலைந்துபோனால் தேட வசதியாக இருக்கும், பையைச் சொல்கிறேன் என்றார். அவர் கேலி அவ்வளவுதான். போகாதே என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பயணத்துக்கு முன்னாலும் வண்டிகளை மாற்றிக்கொள்வோம். தன் குறட்டை தனக்குக் கேட்காத மாதிரி, சொந்த வண்டியின் சத்தம் சொந்தக்காரன் காதில் விழாது. அதனால் என் வண்டியை இன்னொருவர் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும், அவர் வண்டிக்கு நான். ஓட்டாமலே ஓட்டினேன் என்று யாரும் கதை அளக்கக் கூடாது என்பதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தோம். வண்டியைக் கொடுக்கும்போது, ஆபத்தில்லாத ஒரு சின்னப் பழுதைச் சொந்தக்காரர் ஒளித்து வைப்பார். அதைக் கண்டுபிடிக்காதவர் நாலு வண்டிகளையும் கழுவ வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த புண்ணியவானே வாத்தியார்தான்.

இந்த முறை சீட்டுக் குலுக்கியதில் என் வண்டி வாத்தியாருக்கும், அவன் வண்டி எனக்கும் வந்தது. நான் ஹாரனுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, டேப் சுற்றி, கழற்றினது தெரியாமல் உள்ளே சொருகி வைத்தேன். அவன் டிரைவிங் ஸ்கூல் என் வீட்டிலிருந்து அடுத்த தெரு. உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு போனான்.

அவன் வண்டியை நான் சுமை கட்டி, நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய், இடுப்பு ஒடிய ஓட்டினேன். இடது, வலது இண்டிகேட்டர் ஒயர்களை மாற்றிப் போட்டிருந்தான். மின்சாரப் பிரிவில் இருப்பவளுக்கு ஒளித்து வைக்கிற பழுதா இது? முதல் திருப்பத்திலேயே பிடித்துவிட்டேன். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் கதவுக் கீல் போல ஒரு கிறீச் கேட்டது. அது ஒளித்து வைத்த சத்தமாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை பன்னுவின் பேக்கரிப் பின்னறையில், மாவு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து குறைகளைச் சொன்னோம். நான் இண்டிகேட்டரைச் சொல்லி, பின்னால் ஒரு சத்தம் இருக்கிறது, வண்டி இன்னும் ஒரு நாள் என்னிடம் இருக்கட்டும் என்றேன். வாத்தியார் தன் முறை வந்ததும் முகத்தை ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வைத்துக்கொண்டான்.

"கரண்டு, மனசத் தளரவிடாதே. உன் வண்டி வேகம் எடுத்தா முன்சக்கரம் ஆடுது. கோன் செட் போயிருக்கு. சேஸே கோணலா இருக்கும்போல. இந்த வண்டிய நம்பி மலை ஏறக்கூடாது."

கோன் செட் என்பது ஹேண்டிலைத் திருப்ப வைக்கும் பேரிங். அது போனால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. வேறு வண்டி வாங்கவோ, வண்டியின் எலும்புக்கூடான சேஸை நிமிர்த்தவோ நாள் இல்லை. அடுத்த வாரம் புறப்பாடு. பன்னு தலையைக் குனிந்துகொண்டு, உடம்புதான் முக்கியம், பயணம் எங்கே போகிறது என்றான். ஊசி, அடுத்த வருஷம் மறுபடியும் எல்லோரும் போகலாம், இந்த முறை நாங்கள் பாதையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றான். எவ்வளவு கரிசனம்! அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. ஒளித்து வைத்த பழுதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கும் மறந்துபோயிற்று. வீடு பற்றி எரிகிறது என்று சொன்னால் யாராவது வாசல் விளக்கைப் பற்றிக் கேட்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலையில், வாத்தியார் திருப்பிக் கொடுத்த என் வண்டியின் முன்பக்கத்தை முழுக்கக் கழற்றினேன். எங்கள் கூடத்தில் பழைய போர்வை விரித்து, அதில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்து விளக்கைப் பிடித்தார். பேரிங் குண்டுகளைத் துடைத்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. குண்டுகள் உட்காரும் கிண்ணத்தில் விரலை விட்டுத் தடவினால் பளிங்கு மாதிரி வழுக்கியது. நூல் பிடித்துப் பார்த்தேன், சேஸும் நேர். ஆனாலும் நான் நம்பியது அவனைத்தான், என் விரலை இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏதோ இருக்கிறது, எனக்குத்தான் பிடிபடவில்லை என்று மறுபடியும் தடவினேன். வீட்டுக்காரர், எதற்கும் மாட்டி ஓட்டிப் பாரேன் என்றார்.

மாட்டி, சிவப்புப் பைகளில் செங்கல் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை மதிய வெயிலில் ஆளில்லாமல் கிடந்த சந்தைத் தெரு வழியாக நெடுஞ்சாலைக்குப் போனேன். வேகம் எடுத்தேன். ஆட்டம் இல்லை. இன்னும் எடுத்தேன். கையை லேசாக விட்டுப் பிடித்தேன். கோடு போட்ட மாதிரி ஓடியது. திரும்பும் வழியில் சந்தைத் தெரு முனையில் ஒருவர் கைவண்டியைக் குறுக்கே தள்ளிக்கொண்டு வந்தார். ஹாரனை அழுத்தினேன். சத்தமே வரவில்லை. பிரேக் போட்டுக் காலை ஊன்றி நின்றேன்.

நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலை நாளில் ஹாரன் இல்லாமல் எங்கள் ஊர்ச் சந்தைத் தெருவைத் தாண்ட முடியாது. தாண்டாமல் நெடுஞ்சாலை கிடையாது. வாத்தியார் ஹாரனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீட்டிலிருந்து அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனதோடு சரி, அவன் என் வண்டியை ஓட்டவே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ஓட்டாத மகராசன் என் சேஸைக் கோணல் என்றிருக்கிறான். நான் அதை நம்பி, காலையிலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல், நல்ல வண்டியைப் பிரித்துப்போட்டுத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் அவன் வண்டி நின்றது. எட்டி உதைக்கலாம் போல இருந்தது. இப்படியே தள்ளிக்கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே நிறுத்திவிட்டு வந்துவிட வேண்டும் என்றுதான் ஸ்டாண்டை எடுத்தேன். வண்டி ஒருமுறை குலுங்கியது. கிறீச் என்றது. அந்தச் சத்தம் என்னை விடவில்லை. எனக்கென்ன, கிறீச்சோடு மலை ஏறட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசுக்கும் நான் கொஞ்ச நேரம் காது கொடுத்தேன், மறைப்பானேன்? அப்புறம் திட்டிக்கொண்டே தரையில் படுத்து, விளக்கை அடித்துப் பார்த்தேன். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில், ஷாக் அப்சார்பர் வந்து சேரும் இடத்தில், மண்ணுக்கு அடியில் ஒரு கோடு. துடைத்தால் கோடு வளர்ந்தது. பாதி இரும்பு பிளந்திருந்தது. சுமையோடு ஒரு பள்ளம் போதும், சக்கரம் தனி, ஆள் தனி.

மறுநாள் வேலை முடிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். சாலைச் சின்னங்கள் மாட்டிய அந்தச் சின்ன அறையில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் நின்றுகொண்டே, என் வண்டியில் நான் ஒளித்து வைத்த பழுது என்ன என்று கேட்டேன். டீயைக் கீழே வைத்தான். ஏதோ விளக்கு என்றான். சைலன்ஸர் என்றான். குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டே போனவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"உக்காரு கரண்டு. நான் உன்ன வேணாம்னு சொல்லல. பன்னு பொண்டாட்டியும் ஊசியோட அம்மாவும்தான்... மூணு ஆம்பளைங்களோட ஒரு பொம்பள ஊரு ஊரா தங்கினா நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு கேக்கறாங்க. நேரா சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான் வண்டி மேல போட்டோம்."

"போட்டோமா? அப்ப மூணு பேரும் உக்காந்து பேசி முடிச்சிட்டீங்க."

எனக்கு நெஞ்சு எரிந்தது. கட்டின புருஷனுக்கு இல்லாத கவலை ஊருக்கு வந்துவிட்டது. பாதை போடும்போது நான் பொம்பளை இல்லை. விளக்கு மாட்டும்போது பொம்பளை இல்லை. புறப்படும்போது மட்டும் பொம்பளை ஆகிவிட்டேன். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"எம்மேல பழி போட்டிருந்தா திட்டிட்டு மறந்திருப்பேன்டா. வண்டி மேல ஏன் போட்ட? நீ சொன்னா நான் நம்புவேன்னு தெரிஞ்சுதானே போட்ட?"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். உன் ஸ்விங் ஆர்ம் பிளந்திருக்கிறது, அந்த மாடல் நின்றுபோய்ப் பல வருஷம், புதுசு தேடிப் பிடிக்க மாசம் ஆகும், இந்த வண்டி மலை ஏறாது என்றேன். அவன் சிரித்தான். சிரித்தே விட்டான்.

"பழிக்குப் பழியா? நல்லா இருக்கு கரண்டு. நான் ஒண்ணு சொன்னேன், நீ ஒண்ணு சொல்ற."

எனக்கு அப்போதுதான் என் கோபத்தின் அடிவேர் தெரிந்தது. இத்தனை வருஷமாக ஒருவர் வண்டியைப் பற்றி ஒருவர் சொன்னால் அது சத்தியம். அந்த ஒன்றைத்தான் இவன் உடைத்திருக்கிறான். இனி நான் உண்மையைச் சொன்னாலும் அது இவன் காதில் பொய்யாகத்தான் விழும். அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய், வண்டிக்குப் பின்னால் குந்தவைத்து, விரலை அந்தப் பிளவில் வைத்து அழுத்தினேன். நகம் உள்ளே இறங்கியது. சிரிப்பு நின்றது. வெகுநேரம் விரலை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தான். நான் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரம் மூன்று பேரும் மாறி மாறிப் போன் செய்தார்கள். நான் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும், தனியாகப் போவதானாலும் போய்விட்டு வா, பை தைத்த கூலியை உன்னிடம்தான் கேட்கப்போகிறேன் என்றார்.

சொன்ன நாளில், விடிகிற நேரத்தில், சொன்ன இடத்துக்குப் போனேன். பேக்கரி வாசலில் பன்னுவும் ஊசியும் வண்டிகளோடு நின்றார்கள். என் முகத்தைப் பார்க்காமல் என் சிவப்புப் பையைப் பார்த்தார்கள். வருகிறவர்கள் என் பின்னால் வரலாம், வராவிட்டால் எனக்குப் பாதை தெரியும் என்று சொன்னேன். பன்னு அவசரமாக ஹெல்மெட்டை மாட்டினான். ஊசி ஏற்கெனவே மாட்டியிருந்தான்.

வாத்தியார் என் வண்டிக்கு எதிரே வந்து நின்றான். வண்டி இல்லை, கையில் என் வீட்டுக்காரர் தைத்த பை மட்டும் இருந்தது. அவர்கள் பின் இருக்கைகளில் சாமான் நிறைய இருக்கிறது என்றான். என் பின் இருக்கை காலி என்று தெரிந்துதான் சொன்னான்.

"என் வண்டியில முன்சக்கரம் ஆடுதே வாத்தியாரே. பயமா இல்ல?"

அவன் பையை மாரோடு அணைத்துக்கொண்டான். வழியை விட்டு நகரவில்லை. நான் ஹாரனை அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமையே ஒயரைச் சேர்த்திருந்தேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. அவன் திடுக்கிட்டு விலகினான். நான் கிளம்பினேன்.