ராணியின் அளவு

மேடைமேல் கைகளை விரித்து அவள் நின்றிருந்தாள். தையல் மாஸ்டர் மண்டியிட்டு, அவள் இடுப்பைச் சுற்றிப் பட்டுத்துணியைப் பிடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். மூன்று ராணிகளுக்கு உடை தைத்தவர் என்று ஊரெல்லாம் பேர். எந்த ராணியும் அளவு பார்க்க மணிக்கணக்கில் நிற்பதில்லை. அதற்காகவே ராணியின் அளவு உடம்புள்ள இவளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்.

"ஒரு விரல் கூடுது. வயிறு முட்டத் தின்னியா?"

"கைப்பிள்ளைக்காரி மாஸ்டர். தின்னாத்தானே பால் ஊறும்."

"ராணியம்மா காய்ச்சல்ல இளைச்சுட்டாங்க. நீயும் இளைக்கணும்னு போன வாரமே சொன்னேன்ல?"

ஊசிப்பெட்டியோடு நின்ற தையல்காரி முணுமுணுத்தாள். "காய்ச்சல் அங்க, பத்தியம் இங்க."

பின்வாசலுக்கு வெளியே பிள்ளை அழுதது. காலையிலிருந்து அதைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்த அவள் மாமனார், காவலாளியை விலக்கிவிட்டு உள்ளே வந்தார். ஆயுளெல்லாம் கொத்தனார் வேலை பார்த்தவர். முதுகு மட்டும் வளையவில்லை.

"பால் குடுத்துட்டு நிக்கட்டும்."

"பெரியவரே, சாயங்காலம் இந்த உடை அரண்மனைக்குப் போகணும்."

"அதுக்கு என் பேரன் தொண்டை காயணுமா? மாட்டுக்காரன்கூட கன்னுக்கு விட்டுட்டுத்தான்யா கறப்பான்!"

"அப்படின்னா கூட்டிட்டுப் போங்க. நாளையிலேருந்து வர வேண்டாம். வேற உடம்பு கிடைக்கும்."

மகன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து படுத்த நாள் முதல் மருமகள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மாமனார் ஒரு கணம் தரையைப் பார்த்தார்.

"இறங்கி வாம்மா. அரை வயித்துக் கஞ்சின்னாலும் மானத்தோட குடிப்போம்."

அவள் இறங்கத் திரும்பினாள். முடியவில்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை உடையை அவள்மேல் ஊசிகளால் இறுக்கியிருந்தார்கள். முதுகுக்குக் கை எட்டவில்லை. தையல்காரி கையை நீட்டினாள். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டாள்.

பிள்ளை வீறிட்டது. அவள் மார்பில், தந்த நிறப் பட்டின்மேல், இரண்டு இடங்களில் ஈரம் படர்ந்தது.

"ஐயோ, பட்டு போச்சு! கழட்டுங்க!" மாஸ்டர் அலறினார்.

எல்லாக் கைகளும் பாய்ந்து வந்தன. ஊசிகளை உருவினார்கள். உடையைக் கழற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி, கசங்காமல் இரு கைகளில் ஏந்தி, மாஸ்டரும் ஆட்களும் உள்ளே ஓடினார்கள்.

உள்பாவாடையோடு மேடையில் விடப்பட்டவள் மார்பைக் கைகளால் மூடிக்கொண்டாள். மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, பிள்ளையை முதுகுக்குப் பின்னால் நீட்டினார்.