ஹெந்தளை பஸ் நின்றதா

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு வெங்காயக் கிடங்கில் என்னோடு மூட்டை இறக்கும் அழகருடையது. லொறி வந்து சேராத நேரங்களில் சாக்குகளின் மேல் உட்கார்ந்து அவன் சொல்லுவான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பலமுறை சொல்லிவிட்டான். ஒவ்வொரு முறையும் ஏதாவது மாறும். மேடை ஒருநாள் வாசலுக்கு இடப்பக்கம் இருக்கும், இன்னொருநாள் வலப்பக்கம் போயிருக்கும். தட்டில் இருந்தது ஒருநாள் பொரித்த மீன், ஒருநாள் மாட்டிறைச்சி. ஆனால் அவன் கதையை நிறுத்தும் இடம் மட்டும் மாறியதே இல்லை. அந்த இடம் வந்ததும் எழும்பி, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, "லொறி வருதான்னு பார்த்துட்டு வாறேன் அண்ணே" என்று போய்விடுவான்.

லொறி வந்திருக்காது.

எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிய வந்தபோது மீசை நரைத்திருந்தது. பழகிய எழுத்தை வைத்து ஏதாவது எழுதிப் பார்க்க ஆசை வந்தது. முழுக் கதை ஒன்றும் என்னிடம் இல்லை. இதுதான் இருந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கொட்டாஞ்சேனையில் ஓர் அழகிய மாலைப் பொழுது. சூரியன் மெல்ல மெல்ல—"

விட்டுவிட்டேன். அழகர் ஒருநாளும் சூரியனைப் பற்றிக் கதைத்ததில்லை.

அடுத்தது: "யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது." இதையும் அடித்தேன். நான் இதை எழுதும்போதும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. காலையில் கிடங்குக்கு வரும் வழியில் இரண்டு இடத்தில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வந்தவன், 'அக்காலத்தில்' என்று எப்படி எழுதுவது?

மூன்றாவது: "அந்த பாரின் பலகையில் ஒரு பெயர் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை."

இது பரவாயில்லை. இதில் கால் வைத்து ஏறலாம்.

3

அந்த பாரின் பலகையில் ஒரு பெயர் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது பாட்டுக்கடை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் துறைமுகத்துக்காரர், அச்சுக்கூடத்துக்காரர், மீன்காரர், எங்களைப்போல் மூட்டை தூக்குகிறவர்கள், தமிழர், சிங்களவர், எல்லோரும் அங்கே போய்ச் சேருவார்கள். முதலாளி வரதராசா யாழ்ப்பாணத்தவர். குடிக்கமாட்டார். கல்லாவில் இருந்தபடி கண்ணாடிக்கு மேலால் எல்லோரையும் பார்ப்பார். கிட்டார் வாசித்தவர் மலாய்க்காரரான ஹுசைன். அவரும் குடிக்கமாட்டார், ஆனால் ஜிஞ்சர் பியரைச் சாராயம் குடிக்கிறவரின் முகத்தோடு குடிப்பார்.

பாடுகிறவர் பிறிஜெற். ஹெந்தளையிலிருந்து வருவார். பெரிய உடம்பு, பூப்போட்ட கவுன், காலில் ஆம்பிளைச் சப்பாத்து. நின்று பாட வேண்டிய ஆளுக்கு இதுதான் சரி என்பார். தமிழும் சிங்களமும் ஒரே வரிக்குள் கலந்து, ஆட்டம் போடவைக்கும் பைலா பாடுவார். கேட்கிறவனுக்குத் தான் எந்தப் பாஷையில் கேட்டோம் என்பதே வீட்டுக்குப் போன பிறகுதான் யோசனைக்கு வரும்.

(நான் அந்தக் கடைக்குள் போனதில்லை. றோட்டில் நடந்து போகும்போது கேட்டிருக்கிறேன். உள்ளே என்ன இருந்தது என்று எழுதுவதெல்லாம் அழகர் வாயால் வந்தது. தவறு இருந்தால் அவனோடு பேசிக்கொள்ளுங்கள்.)

பிறிஜெற் தானே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. ஒரு பெண் சந்தியில் நின்று ஹெந்தளை பஸ்ஸுக்குக் கை காட்டுகிறாள்.

ஹெந்தளை பஸ்ஸே, ஹெந்தளை பஸ்ஸே,
கொஞ்சம் நில்லு, நானும் வாறன்.

முதலாம் சரணத்தில் அவள் தலையில் கருவாட்டுக் கூடை. டிறைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுகிறான். இரண்டாம் சரணத்தில் குளித்து, பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு வருகிறாள். அன்றைக்கு பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மூன்றாம் சரணத்தில் என்ன நடக்கிறது என்பது பிறிஜெற்றைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. ஹுசைனுக்குக்கூடத் தெரியாது. மெட்டு ஒன்றுதானே, உமக்கு என்னத்துக்கு ஒத்திகை என்று சொல்லிவிட்டாராம்.

"பஸ் நிக்காமலோ நீர் கண்டக்டரைக் கட்டினனீர்?" என்று வரதராசா ஒருநாள் கேட்டிருக்கிறார். பிறிஜெற்றின் காலமான புருஷன் பஸ் கண்டக்டர்.

"அவர் மோதரை பஸ், முதலாளி. இது வேற."

4

அந்தப் பாட்டை அந்தக் கடையில் ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். மேடையில் நின்று பாடுகிறவருக்கு அதன் வழியே சந்தி தெரியும். உட்கார்ந்து குடிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஹெந்தளை பஸ்ஸை முதன்முதலாகப் பாடிய அன்றே சந்தியில் ஆமி ஜீப் வந்து நின்றதைக் கண்டு பிறிஜெற்றின் குரல் தடுமாறியது. விஷயம் விளங்கியவர்கள் குசினி வழியாகப் பின்னொழுங்கைக்குப் போய்விட்டார்கள். அட்டை பார்க்கும் செக்கிங்காரர் உள்ளே வந்தபோது பிறிஜெற் ஒரு சிங்கள பைலாவுக்கு மாறியிருந்தார். அடுத்தமுறை ஜீப் வந்தபோது அவர் வேண்டுமென்றே அதே பாட்டைத் தொடங்கினார். பிறகு அது அப்படியே வழக்கமாகிவிட்டது. ஒருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை.

ஒருமுறை கலியாண வீட்டிலிருந்து வந்த யாரோ ஒரு மாப்பிள்ளைத் தோழன், "அக்கா, அந்த பஸ் பாட்டு" என்று ஆசையாகக் கேட்டு, தானே முதல் வரியையும் எடுத்துவிட்டான். பாதிக் கடை காலியானது. யாரோ ஒருவர் அழகரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். செருப்பு இன்றுவரை திரும்பி வரவில்லை.

அழகருக்கு ஓடவேண்டிய காரணம் இருந்தது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட விலாசம் போட்ட அடையாள அட்டைதான் அவனிடம் இருந்தது. கொழும்பில் இருப்பதற்குப் பொலிஸ் பதிவு வேண்டும். அறை கொடுத்த வீட்டுக்காரர் வாடகையை வாங்குவார், பதிவுக்குப் பெயர் கொடுக்கமாட்டார். அவனோடு அதே அறையில் இருந்த சுடலைமுத்து இதே காரணத்துக்காகப் பிடிபட்டவன். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அவனுடைய வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. தோளுக்கு மேலே கை போகாதவனுக்குக் கிடங்கில் என்ன வேலை? தோட்டத்துக்கே போய்விட்டான்.

அழகரின் கையும் தோளும் அந்தப் பாட்டின் முதல் வரியில் தொங்கிக்கொண்டிருந்தன என்று எழுதலாம். எழுதிவிட்டேன். கொஞ்சம் கூடிப்போனது போலிருக்கிறது, இருக்கட்டும்.

5

பிறிஜெற்றின் மகள் இத்தாலியில். அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"திங்கக்கிழமை பிளைட்" என்றார் பிறிஜெற். "சனிக்கிழமைதான் கடைசி. அண்டைக்கு ஹெந்தளை பஸ்ஸ முழுசாப் பாடப்போறன். ஒருத்தரும் எழும்பப்படாது."

"உமக்கென்ன விசரோ?" என்றார் வரதராசா. "அதைத் துவங்கினா என்ர கடையில கதிரைதான் மிஞ்சும்."

"கதிரைக்குப் பாடிப் பாடி எனக்கு அலுத்துப் போச்சு, முதலாளி."

வரதராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அழகரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை மேசை மேசையாகப் போய்ச் சொல்லும் வேலை அழகருக்கு வந்தது. "இன்னைக்கு அது வெறும் பாட்டுதாங்க. யாரும் ஓடாதீங்க."

"மெய்யாவே ஜீப் வந்தா?" என்று ஒருவர் கேட்டார்.

ஹுசைன் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "இண்டைக்கு வரமாட்டானுகள். மெட்ச் நடக்குது. அவனுகளுக்கும் ரீவி இருக்குத்தானே."

எல்லோருக்கும் அது நல்ல நியாயமாகப் பட்டது.

6

பிறிஜெற் தொடங்கினார். ஹெந்தளை பஸ்ஸே என்றதும் அழகரின் முழங்கால் தானாக நிமிர்ந்தது. மேசைக் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பக்கத்து மேசைக்காரர் பாதி எழும்பி, வெட்கப்பட்டு, கதிரையைச் சரிசெய்யத்தான் எழும்பியதுபோல் நடித்துவிட்டு உட்கார்ந்தார். சிரிப்பு எழுந்தது. முதலாம் சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. இரண்டாவதின் கடைசி வரியில் ஒரு பகிடி இருந்ததை அன்றுதான் அவர்கள் முதல்முறையாகக் கேட்டார்கள். பஸ்ஸுக்குள் ஏற இடமில்லை, ஆனால் அவளுடைய பூ மட்டும் ஏறிப் போய்விடுகிறது. மேசையில் தட்டிச் சிரித்தார்கள். அழகர் மேசைக் காலை விட்டுவிட்டான். கதிரையில் சாய்ந்தான். அந்தக் கடையின் கதிரைகளில் சாய்வதற்கு முதுகு இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது என்று சொல்லுவான்.

மூன்றாம் சரணத்துக்கு பிறிஜெற் மூச்சை இழுத்தார். அவருடைய கண் ஜன்னல் பக்கம் போனது.

அழகர் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆளைக் காக்கவைத்து வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தான்.

(இங்கே நான் மூன்று கிழமை நின்றேன். பாட்டுத்தான் எச்சரிக்கை, அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எழும்பவேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது. இனி அவர் எதை வைத்துச் சொல்லுவார்? பாடி முடித்துவிடவும் முடியும், ஒரு சரணம்தானே. "அவருடைய மனதில் ஆயிரம் எண்ணங்கள்—" என்று எழுதிப் பார்த்தேன். அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.)

பிறிஜெற் இழுத்த மூச்சை விட்டார். வாயை மூடினார். கிட்டார் தனியாகக் கொஞ்சத் தூரம் போய், ஆளைக் காணாமல் நின்றது.

"எழும்புங்க" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்களிடம் சொல்வதுபோல் சொன்னார்.

குசினி, பின்சுவர், ஒழுங்கை. அழகர் ஓடியது அவ்வளவுதான்.

7

மிச்சம் ஹுசைன் பிறகு அழகருக்குச் சொன்னது.

அதிகாரி உள்ளே வந்தார். பாதி குடித்த கிளாசுகளும் ஆளில்லாத கதிரைகளும் இருந்தன. பாட்டு அறுந்து நின்றதை அவர் வெளியிலேயே கேட்டிருக்கிறார். "ஏய் நெவத்துவே? கியன்ன" என்றார். ஏன் நிறுத்தினாய், பாடு.

பிறிஜெற் முதலிலிருந்து பாடினார். மூன்று சரணமும். ஆமிக்காரர் காலியான கதிரைகளில் உட்கார்ந்து கேட்டார்கள். அதற்குள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

"நின்னிச்சா?" என்று கேட்டான் அழகர். "பஸ்ஸு நின்னிச்சாங்க, ஹுசைன் நானா?"

"எனக்குத் தெரியா, தம்பி. நான் என்ட விரலப் பார்த்துக்கொண்டே இருந்தன். பாட்டு ஒண்டும் காதுக்குள்ள போகல்ல."

"முதலாளி?"

"அவர் லைசனைக் காட்டிக்கொண்டு நிண்டார். முடியிற நேரம் ஒரு ஆமிக்காரன் சிரிச்சான். அது மட்டும் தெரியும்."

"சிரிச்சான்னா நின்னிருக்கணும்."

"நிக்காததுக்கும் சிரிக்கலாம்தானே."

பிறிஜெற் திங்கட்கிழமை போய்விட்டார்.

8

அழகரை இன்னும் கொஞ்சம் தைரியசாலியாக எழுதலாமா என்று யோசித்தேன். "அழகர் எழும்பவில்லை. அவன் நெஞ்சை நிமிர்த்தி—" வாசித்துக் காட்டினேன்.

"அப்படி எழுதினீங்கன்னா, ஸ்டேஷன்ல வந்து என்னைய எடுக்கிறதும் நீங்கதான் அண்ணே" என்றான்.

வேறொன்று எழுதினேன். சந்தியில் நின்ற ஜீப் திரும்பிப் போய்விடுகிறது, செக்கிங் இல்லை, பிறிஜெற் பாடி முடிக்கிறார். இது அவனுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அவன் சாக்கிலிருந்து ஒரு நூலை இழுத்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா வாய மூடினது எங்களுக்காக. ஜீப்பு சும்மா போயிருச்சுன்னா அது வீணால்ல போயிரும். அத எடுக்காதீங்க. பஸ்ஸ மட்டும் நிப்பாட்டுங்க. எழுதுறவங்க நீங்கதானே, உங்களுக்கு என்ன கஷ்டம்?"

ஆகவே மூன்றாம் சரணத்தை நானே கட்ட உட்கார்ந்தேன். மெட்டு தெரியும், றோட்டில் கேட்டதுதானே. இன்று மத்தியானம் லொறி வரவில்லை. சாக்கில் உட்கார்ந்து அவனுக்கு வாசித்தேன். பாட்டாகவே வாசித்தேன். முதலாம் சரணம் போனது. இரண்டாவதும் போனது, பூ பஸ்ஸில் ஏறியதும் சிரித்தான். "மூன்றாம் நாள் அவள் வெறுங்கையோடு வந்தாள், சந்தியில் பஸ் தெரிந்தது" என்றேன்.

அழகர் எழும்பினான்.

"இரு, அழகர். ஜீப் ஒண்ணும் வரல."

"தெரியும் அண்ணே" என்றான். சாரத்தை உதறிக் கட்டினான். அவனுக்கே சிரிப்பு வந்தது. "நான் உக்காந்துதான் இருக்கேன். காலு எந்திரிக்குது. தேத்தண்ணி வாங்கிட்டு வாறேன்."

9

நான் கட்டிய சரணத்தை அடித்துவிட்டேன். கேட்க வேண்டியவன் எழும்பிப் போன பிறகு அது பாட்டாக இல்லை.

நீங்கள் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இடையில் எழும்பவேண்டிய தேவை உங்களுக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் மூன்றாவது உங்களுடையது. மெட்டு மாறாது. அவள் வெறுங்கையோடு சந்தியில் நிற்கிறாள், பஸ் தெரிகிறது, கையைத் தூக்கிவிட்டாள். நிற்பதும் நிற்காததும் உங்கள் பாடு. நான் இதில் தலையிடமாட்டேன்.

ஒன்று மட்டும். வாய்க்குள் பாடாதீர்கள், கொஞ்சம் வெளியே கேட்கும்படி பாடுங்கள். தேத்தண்ணிக் கடை பக்கத்தில்தான். அழகர் இரண்டு கிளாசையும் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தபடி நிற்கிறான்.